பாட்டு எல்லாருக்கும், இடம் தனித்தனி: வேதநாயக சாஸ்திரியாரின் வாழ்க்கை

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் மாவட்டத்துக் கிராமங்களில் இரவு நேரத்தில் கிறிஸ்துமஸ் பஜனைக் குழுக்கள் புறப்பட்டுவிடும். ஒரு ஆர்மோனியம், ஒரு டோலக், கைத்தாளம் இருந்தால் போதும், ஊர் விழித்துக்கொள்ளும். காது கொடுத்துக் கேட்டால் ஒரு விஷயம் புரியும். முதல் பாட்டு ஜெர்மனியிலிருந்து வந்த மெட்டு. அடுத்தது கர்நாடக ராகம். அதற்கடுத்தது கும்மி. இளைஞர்கள் பாடுவது சினிமா மெட்டு போல இருக்கும். சேரித் தெருவுக்குள் குழு நுழைந்தால் சில ஊர்களில் பறையும் சேர்ந்துகொள்ளும்.

கிறிஸ்தவப் பாட்டென்றால் எல்லாம் ஒரே மாதிரி என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. இளையராஜாவையும் கேட்பார்கள், கச்சேரியும் கேட்பார்கள், கானாவும் கேட்பார்கள். ஆனால் கோயில் பாட்டு மட்டும் சலிப்பு என்பார்கள். அப்படிப் பல ருசி உள்ளவர்களுக்கும் பிடிக்கிற மாதிரி ஒருவர் 200 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். நம் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய தஞ்சாவூரில் வாழ்ந்தவர். அவர் பாட்டு எல்லாச் சாதியார் வாயிலும் ஏறியது. ஆனால் எல்லாச் சாதியாரும் தேவாலயத்தில் ஒன்றாக உட்காருவதை அவர் எதிர்த்தார். இரண்டையும் சேர்த்துத்தான் அவர் வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவரும், 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' பாடியவருமான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை வேறு. அவர் 1826-இல் பிறந்த கத்தோலிக்கர். நாம் பேசுகிற சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர், லுத்தரன் சபையில் வளர்ந்தவர். தேர்வில் இரண்டு பேரையும் ஒருவராக எழுதிவிட வேண்டாம்.

பாளையங்கோட்டைப் பையன்

1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர் வேதநாயகம். தந்தை அருணாசலம், வேளாளர். கிறிஸ்தவராகித் தேவசகாயம் என்று பெயர் வைத்துக்கொண்டு உபதேசியாராக வேலை பார்த்தார். 1785-இல் தஞ்சாவூரிலிருந்து சுவார்ட்ஸ் பாதிரியார் பாளையங்கோட்டைக்கு வந்தார். கிளாரிந்தா என்ற மராத்தியப் பிராமண விதவை தன் முயற்சியால் கட்டிய தேவாலயம் அங்கே பிரதிஷ்டையான காலம் அது. தேவசகாயத்தின் பையனுடைய சூட்டிகை சுவார்ட்ஸின் கண்ணில் பட்டது. தகப்பனிடம் கேட்டு, பையனைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார்.

சுவார்ட்ஸ் ஜெர்மனியிலிருந்து 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். திருச்சியிலும் தஞ்சையிலும் அவர் சொல்லுக்கு அரண்மனையில் மதிப்பு இருந்தது. மராட்டிய இளவரசர் சரபோஜிக்கும் அவர்தான் காப்பாளர், ஆசான். ஒரே ஆசானிடம் ஒரு இளவரசரும் ஒரு உபதேசியார் மகனும் படித்தார்கள். இந்தப் பழக்கம் பிற்காலத்தில் சாஸ்திரியாரின் சோற்றுக்கே கைகொடுத்தது.

பிறகு தரங்கம்பாடியில் படிப்பு. அங்கே வேத பாடம் மட்டும் சொல்லித்தரவில்லை. கணிதம், வானசாஸ்திரம், உடற்கூறு, பூகோளம் எல்லாம் உண்டு. தமிழ் இலக்கணமும் யாப்பும் தமிழ்ப் புலவர்களிடம் கற்றார். இருபது வயது நிரம்புமுன் தஞ்சாவூரில் உபதேசியார்களைத் தயாரிக்கும் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் ஆனார்.

அவருக்கு முன்னால் வந்த ஒருவர்

தஞ்சாவூரில் லுத்தரன் சபை வளர்ந்த கதையைச் சுவார்ட்ஸிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அவருக்கு முன்பே அங்கே விதை போட்டவர் ராஜநாயக்கன். பறையர் வகுப்பில் பிறந்தவர், தஞ்சை ராஜாவின் படையில் சேர்வைக்காரராக இருந்தவர். 1720-களில் தரங்கம்பாடிச் சபையோடு சேர்ந்து, உபதேசியாராகி, அடி உதைகளுக்கு நடுவே தஞ்சைச் சீமையில் சபையைக் கூட்டினார். 1741-இல் இரண்டாவது தமிழ்ப் பாதிரியாரை அபிஷேகம் பண்ணும் நேரம் வந்தபோது அவர் பெயரும் பேசப்பட்டது. ஆனால் பறையர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று கருதி அவரை விட்டுவிட்டார்கள். வேறொருவர் பாதிரியாரானார். ராஜநாயக்கன் 1771-இல் இறக்கும் வரை உபதேசியாராகவே இருந்தார்.

இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாஸ்திரியார் பாடத் தொடங்கிய சபை, ஏற்கெனவே இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பழகிய சபை.

குறத்தி சொன்ன பூகோளம்

அந்தக் காலத்துச் சபைகளில் பாடப்பட்டவை பெரும்பாலும் ஜெர்மன் ஞானப்பாட்டுகள். வார்த்தை தமிழ், மெட்டு ஐரோப்பியம். அவை இன்றும் சபைகளில் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அறுவடை முடிந்து களத்துமேட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நிறுத்தி வைத்துக் கேட்கச் செய்ய அது மட்டும் போதாது. இதைப் புரிந்துகொண்டவர் சாஸ்திரியார்.

1800-இல் அவர் 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றினார். குறவஞ்சி அப்போது மக்கள் விரும்பிப் பார்த்த நாடக வகை. தலைவி காதல் கொள்வாள், குறத்தி வந்து மலைவளம் பாடிக் குறி சொல்லுவாள், குறவன் பறவை பிடிக்க வலை விரிப்பான். திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சாஸ்திரியார் அந்தச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். தலைவி தேவமோகினி, அவள் சபைக்கு அடையாளம். தலைவன் பெத்லகேம் நாதர். குறி சொல்லும் குறத்தி விசுவாசம். வலை விரிப்பவர்கள் ஆத்துமாக்களைத் தேடிப்போகும் உபதேசியார்கள்.

குறத்தி வழக்கமாகத் தான் பார்த்த ஊர்களையும் மலைகளையும் ஆறுகளையும் அடுக்குவாள். சாஸ்திரியாரின் குறவஞ்சியில் உலக நாடுகளே வருகின்றன. சூரியன் நடுவில் நிற்க, பூமியும் மற்றக் கிரகங்களும் அதைச் சுற்றுகின்றன என்ற கோப்பர்நிக்கஸின் கணக்கும் அதில் பாட்டாக வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தாளம் போட்டுக்கொண்டே சூரிய மண்டலத்தைத் தெரிந்துகொள்ளலாம். பிற்காலத்தில் சரபோஜி மன்னர் பேரில் வழங்கும் மராத்தி மொழிக் குறவஞ்சி ஒன்றும் உலகப் பூகோளத்தைப் பாடியது. ஒரே ஆசானிடம் படித்த இருவரும் ஒரே வழியில் யோசித்திருக்கிறார்கள்.

இதோடு அவர் நிற்கவில்லை. நோவா பேழை கட்டிய கதையைத் தச்சு வேலை நுணுக்கத்தோடு 'ஞானத்தச்ச நாடகம்' ஆக்கினார். கால் இழந்தவன் தன் கதையைத் தானே சொல்லும் நொண்டி நாடகத்தை 'ஞான நொண்டி நாடகம்' ஆக்கினார். பெண்கள் கைகொட்டிப் பாடும் கும்மியில், சகுனம் சாத்திரம் பார்ப்பதைக் கண்டித்து 1814-இல் 'சாஸ்திரக் கும்மி' எழுதினார். கிணற்றில் ஏற்றம் இறைப்பவர்கள் சால் கணக்குப் பாடுவார்களே, அந்த மெட்டுக்கும் 'ஞான ஏற்றப்பாட்டு' எழுதினார். மாலை, அந்தாதி, கீர்த்தனை எல்லாம் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் வழங்குகின்றன.

அன்றைய தஞ்சாவூரை நினைத்துப் பாருங்கள். திருவையாற்றில் தியாகராஜர் பாடிக்கொண்டிருந்தார். அரண்மனையில் சதிர் ஆட்டமும் மராத்தி நாடகமும் இங்கிலீஷ் பேண்டும் ஒன்றாக ஒலித்தன. வெள்ளைக்காரர் வயலின் அப்போதுதான் நம் கச்சேரிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இத்தனை ஓசைக்கும் நடுவில் காதைத் திறந்து வைத்திருந்தவர் சாஸ்திரியார். கர்நாடகம் பிடித்தவருக்குக் கீர்த்தனை, நாடகம் பிடித்தவருக்குக் குறவஞ்சி, வயல்காட்டு ஆளுக்கு ஏற்றப்பாட்டு என்று எல்லாருக்கும் ஒன்று கொடுத்தார். அவருடைய பாட்டு நிலைத்ததற்கு அதுவே முதல் காரணம்.

ஆனால் நம் பகுதி வாசகர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த மெட்டுகள் யாருடையவை? குறி சொல்லி அலைந்தவள் குறத்தி. ஏற்றத்தில் ஏறி மிதித்தவர்களும் சால் பிடித்தவர்களும் பெரும்பாலும் பண்ணையாட்கள். நடவு வயலில் பாடியவர்கள் பள்ளர், பறையர் பெண்கள். உழைப்பவர்களின் ஓசையை எடுத்துத்தான் சாஸ்திரியார் வேதத்தைப் பாடினார். அந்த உழைப்பவர்கள் சபைக்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது என்ன நடந்தது?

நான்கு குறைகள்

சுவார்ட்ஸ் 1798-இல் இறந்தார். அவர் காலத்துப் பாதிரிமார் சாதியை ஒழிக்க அவசரப்படவில்லை. வேளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம், நடுவில் இடைவெளி என்று தேவாலயத்தில் உட்காருவது வழக்கமாகவே இருந்தது. நற்கருணையில் யார் முதலில், யார் பிறகு என்ற வரிசையும் இருந்தது.

1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் இந்த வழக்கத்தை மாற்றப் பார்த்தார்கள். அவர்களில் முக்கியமானவர் ஹாப்ரோ. எல்லாரும் கலந்து உட்கார வேண்டும், ஒரே கிண்ணத்தில் வரிசை பாராமல் வாங்க வேண்டும் என்றார்கள். அதோடு நிற்காமல் வேறு சிலவற்றிலும் கை வைத்தார்கள். பழைய பப்பிரிசியஸ் மொழிபெயர்ப்பு வேதாகமத்தைத் திருத்தினார்கள். கல்யாணத்திலும் திருவிழாவிலும் சாவிலும் பூ வைக்கக் கூடாது என்றார்கள். தமிழ்ச் சங்கீதத்தை ஆராதனையிலிருந்து ஒதுக்கினார்கள்.

சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். வேதாகமத் திருத்தம், சாதிக் கலப்பு, பூவுக்குத் தடை, பாட்டுக்குத் தடை ஆகிய நான்கையும் ஒரே மூச்சில் கொடுமை என்று பட்டியலிட்டார். சாதி என்பது உலக வழக்கம், மதத்தோடு சம்பந்தம் இல்லை என்பது அவர் வாதம். ஐரோப்பாவிலும் பிரபுவும் வேலைக்காரனும் தேவாலயத்தில் ஒன்றாகவா உட்காருகிறார்கள் என்று கேட்டார். 1820-களின் கடைசியில் சாதி ஆசாரத்தைக் காத்து நீண்ட எழுத்துகளே எழுதினார்.

இந்தப் பட்டியலை இன்று படிப்பவருக்குக் குழப்பம் வரும். பாட்டைப் பற்றி அவர் சொன்னது நியாயம். தமிழ்க் காதுக்குத் தமிழ்ச் சங்கீதம் வேண்டாம் என்று சொல்ல வெளிநாட்டுக்காரருக்கு என்ன உரிமை? பூ விஷயமும் அப்படித்தான். ஆனால் அதே மூச்சில் பறையரோடு கலந்து உட்கார மாட்டோம் என்றதும் அவர்தான். தன் பண்பாட்டைக் காப்பதும் தன் சாதியைக் காப்பதும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கிறது. பண்பாடு, வழக்கம், முன்னோர் வழி என்று சொல்லிச் சாதியை உள்ளே கொண்டுவரும் தந்திரத்தை இன்றும் நம் ஊர்களில் பார்க்கிறோம். ஆகவே இந்த இடத்தை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

மிஷனரிகளின் பக்கத்தையும் முழுக்கப் புகழ்வதற்கில்லை. சாதியை எதிர்த்தார்கள், சரி. அதற்காகத் தமிழ்ப் பாட்டை எதற்கு நிறுத்த வேண்டும்? சேரி மக்களைப் பக்கத்தில் உட்கார வைக்க விரும்பியவர்கள், அவர்களுடைய பறையையும் பாட்டையும் உள்ளே அழைக்கவில்லை.

வேலை போனது, பாட்டு போகவில்லை

1829-ஆம் ஆண்டளவில் சாஸ்திரியார் மிஷன் வேலையை இழந்தார். வயது ஐம்பத்தைந்து. அப்போது கைகொடுத்தவர் பழைய பள்ளித் தோழர், மன்னர் சரபோஜி. அரண்மனையில் புலவராக வைத்துச் சம்பளம் கொடுத்தார். பெருவுடையார் மேல் ஒரு பாட்டுக் கட்டும்படி மன்னர் கேட்டதாகவும், சாஸ்திரியார் தன் விசுவாசத்தைக் காரணம் சொல்லி மறுத்ததாகவும், மன்னர் கோபிக்கவில்லை என்றும் ஒரு கதை தஞ்சையில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சரபோஜி 1832-இல் காலமானார்.

1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசத்தை உடனே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பல வேளாளக் குடும்பங்கள் தேவாலயத்துக்கு வருவதை நிறுத்தின. பின்னர் வந்த லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் விட்டுப்பிடித்தபோது, பலர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். சபைகளின் சரித்திரத்தில் சாதி போட்ட கோடு இப்படித்தான் நீண்டது.

சண்டை ஒரு பக்கம் இருக்க, பாட்டு தன் பாட்டுக்கு நடந்தது. மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப், தமிழ்ச் சந்தத்தில் எழுதப்பட்ட கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-இல் சபைகளுக்கான பாட்டுப் புத்தகமாக அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாட்டுகள் அதில் முக்கிய இடம் பெற்றன. ஒரு தலைமுறைக்கு முன் ஒதுக்கப்பட்ட தமிழ்ச் சங்கீதம், இப்போது மிஷனரி கையாலேயே கிராமம் கிராமமாகப் போனது. அந்தக் கிராமச் சபைகளில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். சாஸ்திரியார் பக்கத்தில் உட்கார மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அவர் பாட்டை அதிகம் பாடிக் காப்பாற்றினார்கள். 1864-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் தேதி, தொண்ணூறை நெருங்கும் வயதில் சாஸ்திரியார் தஞ்சாவூரில் இறந்தார்.

பறை உள்ளே வந்தது

அவர் விட்ட இடத்திலிருந்து இரண்டு பாதை பிரிந்தது. ஒன்று இசை ஆராய்ச்சிப் பாதை. தஞ்சாவூரிலேயே வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டுத் தமிழிசையின் சுருதிக் கணக்கை நாட்டுக்கே விவாதப் பொருளாக்கினார்.

இன்னொன்று கிராமத்துப் பாதை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, மக்கள் பரட்டை அண்ணன் என்று அழைத்தவர், வேறொரு கேள்வி எழுப்பினார். கர்நாடகக் கீர்த்தனையைப் பாடப் பயிற்சி வேண்டும், வாத்தியார் வேண்டும். கூலி வேலை முடித்து வரும் பெண்ணுக்கு அது எப்படிக் கைவரும்? ஆகவே நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், பறையடியோடு ஆராதனைப் பாட்டுகளையே எழுதினார். ஒரே உலையில் சோறு பொங்கி எல்லாரும் பகிர்ந்து உண்பதை வழிபாட்டின் மையமாக வைத்தார். தீட்டு என்று வெளியே நிறுத்தப்பட்டிருந்த பறை, தேவாலயத்துக்குள் வந்தது. அவர் 2005-இல் இறந்தார்.

சாஸ்திரியார் உழைப்பவரின் மெட்டை எடுத்தார், உழைப்பவரைத் தள்ளி உட்கார வைத்தார். அப்பாவு மெட்டோடு மனிதரையும் உள்ளே அழைத்தார். இருவருக்கும் நடுவில் ஒன்றரை நூற்றாண்டு.

நாம் எப்படிக் கேட்பது

பல ருசி உள்ள காதோடு கிறிஸ்தவ இசையைத் தேடும் மாணவருக்கு ஒரு வழி சொல்லலாம். உங்கள் ஊர்ச் சபையின் பழைய பாட்டுப் புத்தகத்தை எடுங்கள். பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் போட்டிருந்தால் அது கீர்த்தனை வகை. அதை ஊரில் வயதானவர் யாரையாவது பாடச் சொல்லிக் கேளுங்கள், பதிவு செய்து வையுங்கள். பிறகு ஞானப்பாட்டு ஒன்று, கும்மி ஒன்று, பறையோடு வரும் பாட்டு ஒன்று என்று வரிசையாகக் கேளுங்கள். குடுமியான்மலைப் பாறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இசைக் கல்வெட்டு பொறித்த மாவட்டம் நம்முடையது. மான்பூண்டியா பிள்ளையின் கஞ்சிரா ஒலித்த ஊர் புதுக்கோட்டை. நம் காதுக்கு எந்த இசையும் அந்நியம் இல்லை.

ஆனால் கேட்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். பாடுகிறவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு பக்கம் இருக்கிறது. மதம் மாறியதால் பட்டியலினச் சலுகையும் இல்லை, சாதி மட்டும் விடவில்லை என்ற நிலையில் தலித் கிறிஸ்தவர்கள் 1950 முதல் இருக்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான நோயும் அல்ல இது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தி வந்தது நம் மாவட்டத்திலிருந்துதான்.

வேதநாயக சாஸ்திரியாரை ஒதுக்க வேண்டியதில்லை. அவர் பாட்டில் உழைக்கும் மக்களின் ஓசை இருக்கிறது, அது நம் சொத்து. அதைப் பாடுவோம். அவர் போட்ட கோட்டை மட்டும் அழித்துவிட்டுப் பாடுவோம். இந்த டிசம்பரில் பஜனைக் குழு புறப்படும்போது எல்லாத் தெருவுக்கும் போகிறதா, எல்லாத் தெருப் பிள்ளைகளும் குழுவில் இருக்கிறார்களா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.